கதவுக்குப் பின்னால் இருந்த போர்டு

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்தேன். எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஜக்கோடு வந்தவரிடம் வேண்டாமென்று விரலை ஆட்டினார். நாற்காலிக்கடியில் இருந்த துணிப்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் பாட்டிலை எடுத்து, அந்தத் தண்ணீரையே இலையில் தெளித்துத் துடைத்தார். பிறகு நான்காக மடித்த கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாக ஒற்றினார். என் பக்கத்து இலைக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"கோயில் குடும்பம்லா அவிய. வெளித் தண்ணி பல்லுல படாது. இந்தக் காலத்துல எம்புட்டுப் பேரு இப்படி இருக்காக?"

சாம்பார் ஊற்றிய சோற்றை அப்படியே விட்டு இலையை மடித்தேன். கல்யாண வீட்டுக்காரர் ஓடிவந்து, "என்னப்பா, சாப்பாடு சரியில்லையா?" என்று பதறினார். வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

அந்த மனிதரின் கீழே நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. மில்லில் எல்லாரும் அவரைப் போர்டு சார் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அதுவே போதும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்தது எங்கள் மில். பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, கத்தரித்துப் பொட்டலம் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற மில். நான் அதில் மெயின்டெனன்ஸ் ஆபீஸ் கிளார்க். தறி நின்றால், மோட்டார் புகைந்தால், கூரை ஒழுகினால் எங்களுக்குத்தான் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது ஃபிட்டர்கள் ஏழு பேர். சுவரில் ஒரு சின்ன போர்டு இருந்தது. அதில் மூன்று கட்டங்கள்: செய்யணும், நடக்குது, முடிஞ்சது. ஒரு வேலைக்கு ஒரு கார்டு, காந்தத்தால் ஒட்டியது. வேலை நகர நகர கார்டும் இடமிருந்து வலமாக நகரும். ஏழு பேருக்கு அது போதும். உண்மையில் தலைமை ஃபிட்டர் மாடசாமி அண்ணாச்சியின் ஞாபக சக்தியே போதும், போர்டு சும்மா ஒப்புக்குத்தான்.

கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் குவிந்தது. தறிகள் கூடின. பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டினார்கள். ஏழு ஃபிட்டர்கள் நாற்பதைத் தாண்டி மூன்று ஷிப்டாக ஆனார்கள். போர்டும் வளர்ந்து சுவர் முழுக்க ஆனது, அதோடு குழப்பமும் வளர்ந்தது. ஒரே தறிக்கு இரண்டு பேர் போய் நிற்பார்கள். இன்னொரு தறிக்கு ஒரு வாரமாக யாருமே போயிருக்க மாட்டார்கள். ஃபேன் காற்றில் கார்டு விழும், கூட்டுகிறவர் அதையும் சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார். இதைச் சரிசெய்யத்தான் முதலாளி அவரைக் கொண்டுவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலையாக இருந்தவர்.

முதல் நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. போர்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார். சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார், அதை எடுத்து ஒரு காந்தத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இந்தக் காந்தத்துக்குக் கீழ எத்தனை கார்டு இருக்கு?"

"மூணு சார்."

"அதான் விழுது. ஃபேன் மேல குத்தமில்ல."

அன்றே புது ஏற்பாடு வந்தது. ஒரு காந்தத்துக்கு ஒரு கார்டு. ஒவ்வொரு ஃபிட்டருக்கும் பெயர் எழுதிய இரண்டே காந்தங்கள். இரண்டும் போர்டில் ஒட்டியிருந்தால் அவருக்குப் புது வேலை கிடையாது, கையில் இருப்பதை முடித்தால்தான் காந்தம் திரும்பும். கார்டு இல்லாமல் எவரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே மாதத்தில் நின்ற தறிகள் எல்லாம் ஓடின. மாடசாமி அண்ணாச்சி கூட, "ஆளு ஒரு மாதிரி இருந்தாலும் மண்டைக்காரன்டா" என்றார். நானும் வீட்டில் போய் அவரைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

அவர் கார்டை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. ஸ்கேலால் காட்டுவார், நான் நகர்த்துவேன். அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். அத்தனை பெரிய போர்டில் அவர் கையெழுத்து ஓர் எழுத்து கிடையாது. தறிக் கொட்டகைக்குள்ளும் போக மாட்டார். பஞ்சு சட்டையில் ஒட்டிவிடுமாம். கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதற்கே மூக்கில் பேண்டேஜ் துணியை மடித்து வைத்துக்கொள்வார். எங்கள் பொட்டலத்திலிருந்து எடுத்த துணிதான். மில் என்பது அவருக்கு அந்தச் சுவர்தான். சுவரில் கார்டு நகர்ந்தால் மில் நகர்ந்த மாதிரி.

"கார்டு நிக்கக் கூடாது தம்பி. நின்னா நாறிரும்."

இதை ஒருநாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவார். ஆடிப்பூரத்துக்கு முன்னால் ஒரு காலைக் கூட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரையே இழுத்து வந்துவிட்டார்.

"நம்ம தேரைப் பாருங்க. எம்புட்டுப் பெருசு. அதுவே நகருதுல்லா? ஒரு கார்டு ஏன் நகரக் கூடாது?"

மாடசாமி அண்ணாச்சி பின்னாலிருந்து சொன்னார். "அது ஊரே சேந்து வடத்தைப் பிடிச்சு இழுக்கதுனால நகருது சார். ஸ்கேல வச்சுத் தொட்டா நகராது."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுநாள் அண்ணாச்சியின் இரண்டு காந்தங்களும் மொட்டை வெயிலில் செய்ய வேண்டிய வேலைகளின் கார்டில் போய் ஒட்டிக்கொண்டன.

சைக்கிள் ஸ்டாண்டு கூரை விஷயத்தைச் சொன்னால் ஆள் எப்படி என்று புரிந்துவிடும். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. கார்டு எழுதினோம். மழையில் மேலே ஏற முடியாது, வெயில் வரட்டும் என்று நிறுத்தி வைத்தார். சித்திரை வந்தது. ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு வரை நடந்து போனார். அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து ஸ்கேலால் அந்தக் கார்டைத் தொட்டார்.

"ஒழுகல. முடிஞ்சதுல போடு."

போட்டேன். நான்தான் போட்டேன். அடுத்த ஐப்பசியில் மறுபடி ஒழுகியபோது அது புதுக் கார்டு, புதுக் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் எல்லாக் கேடும் இருந்தது. கார்டு ஒரு கட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் காலையில் நான் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எது எத்தனை நாளாகக் கிடக்கிறதென்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆனால் ஆள் கூடக் கூட வேலையும் கூடி, பத்துப் புள்ளி பதினைந்து புள்ளியென்று போர்டு முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆயிற்று. முதலாளி ஒருநாள் வந்து, "என்ன சார், இவ்வளவு சிவப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை போர்டு சார் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, பழைய கார்டெல்லாம் அழுக்காயிருச்சு. எழுத்தும் சரியாத் தெரியல. புதுசா எழுதிரு."

"புள்ளி சார்?"

"புதுக் கார்டுல எதுக்குப் புள்ளி?"

எழுதினேன். தேதியும் அன்றையது போடச் சொன்னார், போட்டேன். பழையதைக் கிழித்துப் போடச் சொன்னார், கிழித்தேன். மறுநாள் போர்டு பளிச்சென்று இருந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு அவர் தோளில் தட்டினார். அன்றிலிருந்து பத்துப் புள்ளியை எட்டும் கார்டையெல்லாம் திருப்பி எழுதுவது என் வாராந்திர வேலையாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், அப்போது இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அவர் சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது.

எஸ்தர் கார்டு கொண்டுவந்தது ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள். எஸ்தர் கான்சாபுரத்துப் பெண். பேண்டேஜ் பொட்டலம் போடும் பிரிவு, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஹாஸ்டலில் எது கெட்டாலும் எங்களிடம் வந்து சொல்வது அவள்தான். போலீஸ் வேலைக்கு எழுதி எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். ஐப்பசியில் விருதுநகரில் ஓட்டத் தேர்வு. நானூறு மீட்டர். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். தினமும் விடியற்காலையில் மில் காம்பவுண்டைச் சுற்றி ஓடுவாள். காலை ஷிப்டுக்கு வரும் நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சைக்கிளை நிறுத்துவோம்.

அவள் எழுதிக் கொண்டுவந்த கார்டு எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. 'மேல்தொட்டி மூடி காத்துல போயிருச்சு. தண்ணி நாறுது.' ஆடிக் காற்றில் மூடி எங்கேயோ பறந்து விழுந்திருக்கிறது. மில்லுக்கே அந்த ஒரு தொட்டிதான். ஹாஸ்டல், கேன்டீன், ஆபீஸ் எல்லாம் அந்தத் தண்ணீர்தான் குடித்தோம்.

அவர் கார்டை இரண்டு முறை படித்தார். மேசையில் அவருக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை ஸ்கேலால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இதுல மூணு வேலை இருக்கும்மா. ஒரு கார்டுல ஒரு வேலைதான் இருக்கணும். தம்பி, பிரிச்சு எழுது."

மூடி வாங்குவது, தொட்டி கழுவுவது, தண்ணீரைச் சோதிப்பது என்று மூன்று கார்டு எழுதினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டினார். மூடி வாங்க அளவு வேண்டும், அளவெடுக்கத் தொட்டியை வற்ற வைக்க வேண்டும், ஆகவே அது கழுவும் வேலைக்குக் காத்திருக்கட்டும். மூடி இல்லாமல் கழுவினால் திரும்ப அழுக்காகும், ஆகவே கழுவும் கார்டு மூடிக்குக் காத்திருக்கட்டும். கழுவாத தண்ணீரைச் சோதிப்பது தண்டம், ஆகவே அது இரண்டுக்கும் காத்திருக்கட்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாடசாமி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"சார், வாயை அளக்க எதுக்குத் தொட்டிய வத்த வைக்கணும்? செத்த நேரம் ஏணிச் சாவியக் குடுங்க. ஏறி ஒரு தகரத்தையாவது போட்டுட்டு வாரேன்."

"உங்க காந்தம் ரெண்டும் மாட்டியிருக்கே அண்ணாச்சி. கார்டு இல்லாம ஒரு வேலை செஞ்சா போர்டே பொய்யாயிரும்."

ஒரு ஃபிட்டருக்கு அதற்கு முந்தின மாதம்தான் கார்டில்லாமல் ஒரு பைப்பை மாற்றியதற்கு மெமோ கொடுத்திருந்தார்கள். அண்ணாச்சி வெளியே போய்விட்டார். ஏணிப் பூட்டின் சாவி என் மேசை டிராயரில் இருந்தது.

மறுநாள் போர்டு சார் எவர்சில்வர் பாட்டிலோடு வந்தார். அதுவரை அவரும் எங்களைப் போல தொட்டியிலிருந்து டிரம்மில் பிடித்த தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு டம்ளர் தண்ணி" என்று நாளைக்கு நாலு தடவை கேட்பார். அன்றிலிருந்து கேட்கவில்லை. கேன்டீன் டீயையும் நிறுத்திவிட்டார், வயிறு சரியில்லை என்றார். கேன்டீன்காரர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, ஊரில் தேர் முடிந்து ஏதோ விரதம் எடுத்திருக்கிறார் என்று சொன்னார். கோயில் குடும்பம் என்று ஏற்கெனவே பேர். ஆசாரம் பார்க்கிறார் என்று மில் முழுக்க ஒரு வாரத்தில் பரவிவிட்டது. அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. அவர் பாட்டிலைத் திறந்தால் பெண்கள் தள்ளி நின்றுகொள்ளும் அளவுக்கு மரியாதை வந்துவிட்டது. ஆவணி பிறந்தபோது ஆபீசில் பலரும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தோம். நானும்தான்.

எஸ்தர் வாரா வாரம் வருவாள்.

"சார், எங்க கார்டு எங்க நிக்குது?"

"நிக்கலம்மா, நகருது."

போர்டு சார் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு, அங்கிருந்து திரும்ப இங்கே என்று மூன்று கார்டும் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. பத்துப் புள்ளி ஆனதும் நான் திருப்பி எழுதினேன். ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் நாலு தடவை எழுதினேன். 'நாறுது' என்பது இரண்டாவது தடவையில் 'வாடை' ஆயிற்று, மூன்றாவதில் 'தரம் குறைவு' ஆயிற்று. அவர்தான் சொற்களை மாற்றிக் கொடுத்தார். நாலாவது தடவை மூன்றும் ஒரே கார்டாகி, அதில் 'தொட்டி பராமரிப்பு' என்று மட்டும் இருந்தது.

அதற்குள் போர்டில் இடமில்லாமல் போயிற்று. ஆட்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். பெரிய போர்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். தறி, மோட்டார் எல்லாம் பெரிய போர்டிலேயே இருக்கட்டும். ஹாஸ்டல், கேன்டீன், கக்கூஸ் எல்லாம் தனி போர்டுக்குப் போகட்டும். தனி போர்டை எங்கே மாட்டுவது என்று ஸ்கேலால் சுவர் சுவராக அளந்தார். கடைசியில் ஆபீஸ் கதவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். எங்கள் ஆபீஸ் கதவு காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடும். திறந்த கதவு அந்தப் போர்டை முழுக்க மறைத்துவிடும். காலையில் புள்ளி வைக்க நான் கதவை இழுக்க வேண்டும். கொஞ்ச நாள் இழுத்தேன். பிறகு விட்டுவிட்டேன், திருப்பி எழுதும் நாளில் மட்டும் இழுப்பேன்.

எஸ்தர் அடுத்த வாரம் வந்து பெரிய போர்டில் தன் கார்டைத் தேடினாள். வரிசை வரிசையாக விரலை வைத்துத் தேடினாள். அவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "உங்களுக்குன்னு தனி போர்டே போட்டாச்சும்மா" என்றார். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். கதவை இழுத்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு அந்தக் கதவைத் தாண்டித்தான் வெளியே போனாள்.

புரட்டாசி மூன்றாம் வாரம் ஹாஸ்டலில் வாந்தி பேதி ஆரம்பித்தது. முதல் நாள் ஆறு பேர், மறுநாள் இருபதுக்கு மேல். மில் வேனில் பாய் விரித்துப் பெண்களை ராஜபாளையத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். மற்றவர்கள் நாலைந்து நாளில் தேறிவிட்டார்கள். எஸ்தருக்கு மட்டும் அது விடாத காய்ச்சலாக நின்றது. தண்ணீரால் வந்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டத்துக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் மாடசாமி அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார். கார்டு, காந்தம் எதுவும் கேட்கவில்லை.

"ஏலே, சாவிய எடு. நீயும் வா."

ஏறினோம். தொட்டியின் வாயை எட்டிப் பார்த்தபோது தண்ணீரே தெரியவில்லை. தறிக் கொட்டகையிலிருந்து பறந்து வந்த பஞ்சு இரண்டு மாதமாகப் படிந்து மேலே கனமாக ஓர் ஆடை கட்டியிருந்தது. பழுப்பும் பச்சையுமாக இருந்தது. அதில் புறா இறகுகள் குத்திக்கொண்டு நின்றன. அண்ணாச்சி ஒரு கம்பியால் அதை விலக்கினார். முதல் புறா முழுசாக இருந்தது. இரண்டாவது கம்பியில் பட்டதும் கரைந்து பிரிந்தது. மூன்றாவது புறா என்று எலும்பை வைத்துத்தான் தெரிந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. அண்ணாச்சி அங்கேயே வாந்தியெடுத்தார். எனக்கு வாந்தி வரவில்லை. என் வயிற்றில் என் வீட்டுத் தண்ணீர்தான் இருந்தது.

புது மூடி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. பக்கத்துக் கடையிலேயே இருந்தது.

மறுநாள் முதலாளி ஆபீசுக்கு வந்தார். கதவை மூடச் சொன்னார், அப்போதுதான் பின்னாலிருந்த போர்டு வெளியே தெரிந்தது. அவர் போர்டு சாரைக் கேட்டார்.

"இந்தக் கம்ப்ளைன்ட் எப்ப வந்தது?"

ஸ்கேல் மெதுவாக எழுந்தது. நாலாவதாக எழுதிய கார்டின் மூலையைத் தொட்டது.

"நாலு நாள் ஆச்சு சார். தேதி போட்டிருக்கு பாருங்க. இந்த வாரம் எடுக்கதா இருந்தோம். ஹாஸ்டல்ல கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "எழுத்து உன்னதா?"

"ஆமா சார்."

"நாலு நாள்தானா?"

போர்டு சார் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு நிச்சயம் என்மேல். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

"ஆமா சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் ஹாஸ்டல் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, குறையிருந்தால் உடனே கார்டு எழுத வேண்டும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று திட்டினார்கள். பாதிப் பெண்களுக்கு நேராக நிற்கவே தெம்பில்லை. ஒருத்தி மட்டும், "எஸ்தரக்கா ஆடியிலயே குடுத்தாகளே" என்றாள். கார்டைக் காட்டினார்கள். தேதியைக் காட்டினார்கள். அவள் குழம்பிப்போய் நின்றாள். அந்தத் தேதியை எழுதின கை இது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் எனக்கு இதன்மேல் அருவருப்பு போகவில்லை.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அடுத்த வருடம் திண்டுக்கல் பக்கம் இன்னும் பெரிய மில்லில் இன்னும் பெரிய போர்டைச் சரிபண்ணக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். ஆசாரக்காரர் என்ற பேர் அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்திலும் பாட்டிலை விடவில்லை என்பதைத்தான் அந்தக் கல்யாணப் பந்தியில் பார்த்தேன்.

எஸ்தரைப் பார்க்க நான் கார்த்திகையில்தான் போனேன். அதற்கு முன்னால் போகக் கால் வரவில்லை. கான்சாபுரத்தில் அவள் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அம்மா எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே பார்த்து, "ஏட்டி, மில்லுல இருந்து அண்ணன் வந்திருக்காக பாரு. தண்ணி மோந்துட்டு வா" என்றார்.

எஸ்தர் செம்போடு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"எப்படிம்மா இருக்க?"

"இருக்கேண்ணே. முடிதான் அம்புட்டும் கொட்டிருச்சு. வளந்துரும்னு சொல்லுதாக."

"விருதுநகருக்குப் போனியா?"

"போனேண்ணே. எரநூறு மீட்டர் வரைக்கும் நான்தான் முன்னால போனேன். பொறவு காலு எங்கிட்டு இருக்குன்னே தெரியல. உக்காந்துட்டேன்."

அம்மா நெல்லைக் கிளறப் போனார். அவள் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கட்டா? சார் அந்தப் பாட்டில எப்ப இருந்து கொண்டாராரு?"

பொய் சொல்ல இனி என்னிடம் எதுவும் இல்லை. "நீ மொதக் கார்டு குடுத்த மறுநாள்ல இருந்து" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம். கார்டு குடுக்கையில மேசையில டம்ளர் இருந்திச்சு. அடுத்த வாரம் வந்தப்ப பாட்டில் இருந்திச்சு. நாங்க சும்மா சொல்லுதோம்னு சார் நெனச்சிட்டாரோன்னு இம்புட்டு நாளும் மனசுல கெடந்துச்சுண்ணே. அப்படி இல்ல. நம்பியிருக்காரு. வாசிச்ச அன்னைக்கே நம்பிட்டாரு."

நான் குனிந்துகொண்டேன். என் காலடியில் என் பை இருந்தது. அதன் வாயிலிருந்து என் தண்ணீர் பாட்டிலின் நீல மூடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஆவணியிலிருந்து தினமும் மில்லுக்குக் கொண்டுபோன அதே பாட்டில். அவள் அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. பிறகு என் பக்கமாகக் குனிந்து செம்பை நீட்டினாள். குரலில் கோபமே இல்லை, காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுப்பதுபோலத்தான் சொன்னாள்.

"எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணிண்ணே. நானும் இதத்தான் குடிக்கேன். பயப்படாமக் குடிங்க."